புளித்த மண்ணும் சுண்ணாம்பும்

கோத்தகிரிக்கு அருகில் நாங்கள் குத்தகைக்குப் பார்க்கும் 40 சென்ட் நிலத்தின் மேல்வரப்பில் ஹைட்ரேஞ்சியாச் செடிகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே ஒரே செடியிலிருந்து ஒடித்து நட்ட குச்சிகள்தான். ஆனாலும் வேலியோரம் நிற்பவை நல்ல நீலமாகவும், பழைய வீட்டின் காரைச் சுவரை ஒட்டி நிற்கும் இரண்டு மட்டும் இளஞ்சிவப்பாகவும் பூக்கின்றன. முதல் வருடம் அதை அழகு என்று மட்டுமே பார்த்துக் கடந்துபோனேன். மண் பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகுதான் அந்த நிறங்களின் பொருள் விளங்கியது.

மண்ணில் கரைந்திருக்கும் அலுமினியத்தை வேர் உறிஞ்சி மேலே அனுப்பினால் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கும். அலுமினியம் கிடைக்காவிட்டால் சிவந்து பூக்கும். அலுமினியம் இல்லாத மண் கிடையாது. களித்துகள்களின் உடம்பே அதனால் ஆனது. ஆனால் மண் புளித்திருந்தால்தான் அது கரைந்து வெளியே வரும். சுவரின் காரை மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கி, அடியிலிருந்த ஒரு முழம் மண்ணின் புளிப்பைத் தணித்துவிட்டிருக்கிறது. நான்கு எட்டு தள்ளி அந்தப் புளிப்பு அப்படியே இருக்கிறது.

எங்கள் மண்ணின் கார அமில நிலை, அதாவது பி.எச். அளவு, 4.7 என்று அட்டையில் இருந்தது. 7 என்பது நடுநிலை. இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்பதால், 4.7-க்கும் காய்கறிகள் விரும்பும் 6.2-க்கும் இடையில் ஏறக்குறைய முப்பது மடங்கு வேறுபாடு இருக்கிறது. டெல்டாவில் பிறந்து வளர்ந்த எனக்கு மண் கெடுவது என்றால் களரும் உவரும்தான் நினைவுக்கு வரும். தொலைபேசியில் விவரம் சொன்னபோது அப்பாவும் அதையே நினைத்துக்கொண்டு, "அங்கயும் ஜிப்சம் போட்டுப் பாருப்பா, நம்ம களருக்கு அதுதான் கேட்டுச்சு" என்றார். களர் நிலத்தில் சோடியத்தை விரட்டுவதற்குப் பயன்படும் ஜிப்சம் அமில மண்ணின் புளிப்பை முறிக்காது என்பதை அன்று என்னால் அவருக்குச் சரியாக விளக்க முடியவில்லை. எனக்கே அது பிறகுதான் புரிந்தது.

நீலகிரி மண் புளித்திருப்பது இயல்பானது. சார்னோகைட் என்னும் மிகப் பழைய பாறை, லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையில் நனைந்து நனைந்து மக்கி உருவான மண் இது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, 5.6 என்ற அளவில் சற்றே அமிலமாகத்தான் தரைக்கு வருகிறது. அது மண்ணுக்குள் இறங்கும்போது களித்துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கழுவிச் செல்கிறது. காலியான இடங்களில் ஹைட்ரஜனும் அலுமினியமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அறுவடையாகி வண்டியேறும் ஒவ்வொரு முட்டைக்கோசு மூட்டையோடும் இன்னும் கொஞ்சம் கால்சியம் மலையிறங்குகிறது. இவற்றோடு நாம் போடும் உரமும் சேர்கிறது. அம்மோனியம் சல்பேட் வழியாகக் கொடுக்கும் ஒவ்வொரு கிலோ தழைச்சத்தின், அதாவது நைட்ரஜனின், புளிப்பையும் தீர்க்க 5.4 கிலோ தூய சுண்ணாம்புக்கல் வேண்டும் என்பது மண்ணியலில் நெடுநாளாக உள்ள கணக்கு. யூரியாவுக்கு அது 1.8 கிலோ. 50 கிலோ அம்மோனியம் சல்பேட் மூட்டை ஒன்றைப் பிரித்துக் கொட்டும் விவசாயி, ஏறக்குறைய 55 கிலோ சுண்ணாம்புக்கல் தூளுக்கான கடனையும் சேர்த்தே நிலத்தில் எழுதுகிறார். அந்தக் கடனைப் பற்றி உரம் வாங்கும்போது யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அந்த முதல் வருடம் பட்டாணிச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. வேர் தடித்துக் குட்டையாக, நுனி பழுத்து, தேய்ந்த துடைப்பத்தைப் போலிருந்தது. பக்கவேர்கள் அரிதாக இருந்தன. பஞ்சு போன்ற சல்லிவேர்கள் இல்லவே இல்லை. பி.எச். 5.5-க்குக் கீழே போகப் போகக் கரையும் அலுமினியம் முதலில் தாக்குவது வேர்நுனியைத்தான். நுனியில் செல்கள் பிரிவதும் நீள்வதும் நின்றுபோனால், பக்கத்திலேயே சத்தும் நீரும் இருந்தாலும் செடியால் அதை எட்டிப் பிடிக்க முடியாது. மேலே இலையைப் பார்த்தவர்கள் மணிச்சத்துக் குறை, அதாவது பாஸ்பரஸ் குறை, என்றார்கள். நாங்களும் சூப்பர் பாஸ்பேட்டைக் கூட்டினோம். பாஸ்பேட் தண்ணீரில் கரைந்த கையோடு இரும்பையும் அலுமினியத்தையும் பிடித்துக்கொண்டு இறுகிவிடும் மண் இது. கொடுத்த பணம் அப்படியே மண்ணுக்குள் கல்லாகிக் கிடந்தது.

இதுவரை சொன்னது வேதியியல். என்னை உண்மையில் உலுக்கியது உயிர்களின் பக்கம்தான்.

இங்கிலாந்தின் ஹார்ப்பெண்டன் ஊரில் உள்ள ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், 1856-இல் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் ஒரு புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உரமிட்டுச் சோதிக்கத் தொடங்கினார்கள். 'பார்க் கிராஸ்' எனப்படும் அந்தச் சோதனை இன்றுவரை நடக்கிறது. எந்த உரமும் இடாத துண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட செடியினங்கள் கலந்து வளர்கின்றன. ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் மட்டும் கண்டு, சுண்ணாம்பே காணாத துண்டுகளிலோ மண் 3.5-ஐ ஒட்டிப் புளித்துப்போய், ஓரிரு புல்லினங்களே எஞ்சியிருக்கின்றன. அங்கே செத்த புல் மக்குவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து பாய் விரித்தாற்போல் மண்ணை மூடிக் கிடக்கிறது, ஏனென்றால் அதை இழுத்துப்போய் மண்ணோடு கலக்க அங்கே மண்புழு இல்லை. 1903 முதல் அந்தத் துண்டுகளைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதிக்குச் சுண்ணாம்பு இட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் இந்தப் பாய் இல்லை. ஒரே வானம், ஒரே உரம், நடுவில் ஒரு கோடு.

அதே நிலையத்தில் ஹூஸ்ஃபீல்ட் என்றொரு பட்டை நிலம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சுண்ணாம்பு சீராகப் போடப்படாததால், இருநூறு மீட்டருக்குள்ளேயே மண் ஒரு முனையில் 8.3 ஆகவும் மறுமுனையில் 4-க்குக் கீழாகவும் இருக்கிறது. மற்றவை எல்லாம் ஏறக்குறைய சமம் என்பதால், புளிப்பு ஒன்று மட்டும் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் அமைவது கடினம். 2009, 2010 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில், காரமான முனையிலிருந்து 4.5 வரை இறங்குவதற்குள் பாக்டீரியாவின் வளர்ச்சி ஐந்து மடங்கு குறைந்து, பூஞ்சையின் வளர்ச்சி ஐந்து மடங்கு கூடியிருந்தது. பாக்டீரியா வகைகளின் எண்ணிக்கை அமில முனையைவிடக் கார முனையில் ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. பூஞ்சை வகைகள் அவ்வளவாக மாறவில்லை. 4.5-க்கும் கீழே போனால் இரண்டுமே ஒடுங்கிவிடுகின்றன. இதற்கு முன்பே, 2006-இல், வட, தென் அமெரிக்காவின் 98 இடங்களில் எடுத்த மண்ணை ஒப்பிட்டவர்கள், பாக்டீரியாவின் பன்மையை வெப்பத்தையோ மழையையோவிட மண்ணின் பி.எச். அளவே நன்றாகக் கணித்துச் சொல்கிறது என்று கண்டார்கள். செழித்த மழைக்காடான அமேசானின் புளித்த மண்ணில் பாக்டீரியா வகைகள் குறைவாக இருந்தன என்பதை நான் இரண்டு முறை படித்துத்தான் நம்பினேன்.

இதற்காகப் புளித்த மண்ணைச் செத்த மண் என்று சொல்லிவிடக் கூடாது. இந்த மலையில் சோலைக்காடு அந்த மண்ணில்தான் நிற்கிறது. அங்கே பூஞ்சைகள் இலைச்சருகை மெல்ல மக்கவைத்து, வேரோடு உறவாடி, சத்தை நேராகக் கைமாற்றிவிடுகின்றன. அந்தச் சுழற்சியின் நடை நிதானமானது. அங்கே விரயம் குறைவு. தேயிலையும் அந்த நிலைக்குப் பழகிய பயிர்தான். 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் அது சுகமாக வளரும், அலுமினியத்தை இலைகளில் சேர்த்துவைத்துக்கொண்டு நோகாமல் இருக்கும். மூன்று மாதத்தில் காரட்டும் கோசும் கேட்கும் நாம்தான் மண்ணின் நடையை வேகப்படுத்தச் சொல்கிறோம். எங்கள் காய்கறிப் பாத்திக்குச் சரியென்று படுவதைச் சோலைக்கோ புல்வெளிக்கோ யாரும் செய்துவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

தழைச்சத்தின் பயணத்தைப் பார்த்தால் இந்த வேகம் என்பது என்னவென்று தெளிவாகும். மக்கும் பொருளிலிருந்து முதலில் அம்மோனியம் வெளிவருகிறது; அதைச் சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புளித்த மண்ணில் அந்த மாற்றம் மந்தமாக நடக்கும். அது அறவே நின்றுவிடுவதில்லை என்பதும் உண்மை. ஸ்காட்லாந்தின் அபர்டீன் அருகே அமில வயலிலிருந்து, அந்த வேலையைச் செய்யக்கூடிய, அமிலத்தையே விரும்பும் ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போலிருக்கும் வேறொரு நுண்ணுயிர் வகை) ஒன்றை 2011-இல் பிரித்தெடுத்தார்கள். சுண்ணாம்பு இட்டால் வேறு பல உயிர்களும் இந்த வேலைக்கு வருகின்றன, நைட்ரேட் விரைந்து பெருகுகிறது. பயிர் அதைக் குடித்துவிட்டால் நன்மை. குடிப்பதற்குள் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் நைட்ரேட் கீழே ஓடிவிடும், ஓடும்போது தனக்குத் துணையாகக் கால்சியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், மண் மறுபடியும் புளிக்கும். சுண்ணாம்பும் போட்டு அம்மோனிய உரத்தையும் அள்ளிக் கொட்டுவது ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதுதான்.

பட்டாணியின் வேர் முடிச்சுகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கு மொலிப்டினம் தேவை. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் முதலிய நுண்சத்துகள் மண் புளிக்கப் புளிக்க எளிதில் கிடைக்கும்; மொலிப்டினம் மட்டும் அதற்கு நேர்மாறாகப் பூட்டிக்கொள்ளும். முடிச்சுக்குள் குடியிருந்து அந்த வேலையைச் செய்யும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கும் புளிப்பு ஆகாது. அதனால் அந்தத் துடைப்ப வேரில் நான் தேடியும் நான்கைந்து வெளிறிய மொட்டுகளுக்கு மேல் கிடைக்கவில்லை.

சுண்ணாம்பு போடலாம் என்று தீர்மானித்தபோது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தடுத்தார். "சுண்ணாம்பு போட்டா மண்ணு வெந்துரும் தம்பி, புழு பூச்சி ஒண்ணும் மிஞ்சாது" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெற்றிலையில் சுண்ணாம்பு மிகுந்தால் வாய் வெந்துபோவது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. வயலுக்கு உரியது சுடாமல் அரைத்த சுண்ணாம்புக்கல் தூள், அல்லது மக்னீசியமும் கலந்த டோலமைட் தூள். இவற்றைக் கையில் அள்ளினாலும் தோல் எரியாது. நீற்றுச் சுண்ணாம்பு அதே எடைக்குச் சுண்ணாம்புக்கல்லைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வலுவுள்ளது, உடனே வேலை செய்வது. அந்த அவசரம்தான் அதன் ஆபத்தும்.

பெரியவரின் பேச்சைக் கேட்டிருக்கலாம். முதல் முறை சீக்கிரம் பலன் வேண்டுமென்று மேல்பாத்தி ஒன்றில் நீற்றுச் சுண்ணாம்பையே தூவிக் கொத்திவிட்டேன். இரண்டாம் நாள் அதன் மேலேயே அம்மோனியம் சல்பேட்டையும் போட்டேன். சிறிது நேரத்தில் மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வரவழைக்கும் நெடி எழுந்தது. அம்மோனியம், காரம் பட்டதும் அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. பாத்தியின் ஓரத்தில் நின்று, வாங்கிய உரம் கண்ணுக்குத் தெரியாமல் மலைக்காற்றில் கரைவதை மூச்சில் உணர்ந்த அந்த மாலையை நான் மறக்க மாட்டேன். அன்றிலிருந்து டோலமைட் இட்டுச் சில வாரம் கழித்துத்தான் உரத்தைப் பற்றி யோசிக்கிறோம்.

எவ்வளவு போடுவது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறோம். பி.எச். மீட்டர் அளப்பது மண்ணின் ஈரத்தில் அந்த நேரம் கரைந்திருக்கும் அமிலத்தை மட்டும். அது கையிலிருக்கும் படி நெல். பத்தாயத்தில் கிடக்கும் நெல் வேறு: களித்துகளிலும் மக்கிலும் (மக்கிப்போன இலைதழையிலும்) ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன், அலுமினியம். கரைசலில் உள்ளதைத் தீர்த்தால் பத்தாயத்திலிருந்து மறுபடி வந்து நிரப்பும். அதனால் 4.7 என்று ஒரே எண்ணைக் காட்டும் மணற்பாங்கான மண்ணுக்கும், மக்கு நிறைந்த எங்கள் கருமண்ணுக்கும் தேவைப்படும் சுண்ணாம்பின் அளவு ஒன்றாக இருக்காது. எங்களுக்குப் பல மடங்கு வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பி.எச். எளிதில் மாறாத தாங்கு கரைசல் ஒன்றோடு மண்ணைக் கலந்து, இந்தப் பத்தாயத்தையும் அளந்து சொல்வார்கள். எங்கள் 40 சென்டுக்கு 700 கிலோ டோலமைட் என்று வந்தது. மொத்தத்தையும் ஒரே முறையில் கொட்டாமல் இரண்டு பருவமாகப் பிரித்துப் போட்டு, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்தோம். தூள் எவ்வளவு நைசோ அவ்வளவு வேகமாகக் கரையும். பருமணலாக இருந்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாங்கும்போது விரலிடையில் தேய்த்துப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

உள்ளே நடப்பது எளிமையானது. சுண்ணாம்புக்கல்லின் கார்பனேட் பகுதி ஹைட்ரஜனைப் பிடித்து நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது; கால்சியம் போய்க் களித்துகளிலிருந்து அலுமினியத்தை நகர்த்துகிறது; நகர்ந்த அலுமினியம் புளிப்பு குறைந்த நீரில் கரைய முடியாமல் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடுகிறது. புளிப்பை முறிப்பது கார்பனேட்தான், கால்சியம் அல்ல. கார்பனேட் இல்லாத ஜிப்சம் பி.எச். அளவை ஏற்றாததற்குக் காரணம் அதுவே. ஒரு டன் சுண்ணாம்புக்கல் முழுதாகக் கரைந்தால் 440 கிலோ வரை கரியமில வாயு வெளியேறலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுபக்கம், புளித்த மண்ணில், புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைப் பாதிப்பில்லாத நைட்ரஜனாக மாற்றும் நொதி சரியாக உருவாகாது; புளிப்பு குறைந்தால் அந்தக் கடைசிப் படி நிறைவேற வழி பிறக்கிறது.

7 வரை ஏற்ற வேண்டும் என்ற ஆசை வரும். அது இந்த மண்ணுக்கு உரியதல்ல. மிகவும் கழுவப்பட்ட மண்ணில் கரையும் அலுமினியத்தைத் தீர்க்கும் அளவுக்குச் சுண்ணாம்பு இட்டாலே போதும் என்று வட கரோலினாவின் யூஜின் காம்ப்ராத் 1970-இல் காட்டினார். பெரும்பாலும் அது 5.5-ஐ ஒட்டியே நிறைவேறிவிடும். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் நிலமே காட்டியது. மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த மூலையில் தூள் சிந்தித் தடித்துக் கிடந்தது. அந்த இடத்தில் விளைந்த பீட்ரூட்டை அறுத்தபோது நடுவில் கருத்துத் தக்கை பிடித்திருந்தது. போரான் என்னும் நுண்சத்து பூட்டிக்கொண்டதன் அடையாளம் அது. உருளைக்கிழங்கோ சற்றுப் புளிப்பான மண்ணையே கேட்கும், ஏனென்றால் 5.2-க்கு மேல் தோலில் சொறி நோயை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியா தலைதூக்கும். முட்டைக்கோசுக்கு நேர்மாறு, அதன் வேரை வீங்கி உருண்டுபோக வைக்கும் கிளப் ரூட் நோய் புளித்த மண்ணில்தான் செழிக்கும். எனவே ஒரே நிலத்துக்குள் உருளைக்குத் தனிப் பாத்தி, கோசுக்குத் தனிப் பாத்தி என்று ஆகிவிட்டது.

சுண்ணாம்பு தந்தையைச் செல்வந்தனாக்கும், மகனை ஏழையாக்கும் என்றொரு பழைய ஐரோப்பிய விவசாயிகளின் சொல் உண்டு. புளிப்பு தணிந்ததும் நுண்ணுயிர்கள் சேமித்திருந்த மக்கைத் தின்னத் தொடங்கும். முதல் சில வருடம் அந்தச் சத்தில் விளைச்சல் கொழிக்கும். திருப்பிக் கொடுக்காவிட்டால் பிறகு காலி. நீலகிரியின் கரிய மேல்மண்ணுக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்று அஞ்சுகிறேன். இங்கே மக்கு அலுமினியத்தோடு பின்னிக்கொண்டுதான் இத்தனை காலம் அழியாமல் இருந்திருக்கிறது; அந்தப் பின்னலை நாம் தளர்த்துகிறோம். அதனால் டோலமைட்டுக்குச் செலவழிப்பதைவிடத் தொழு உரத்துக்கும் அறுவடைத் தழைக்கும் அதிகம் மெனக்கெடுகிறோம். பாறை பாஸ்பேட்டைச் சுண்ணாம்பு இட்ட பாத்தியில் போடுவதில்லை. அது கரையப் புளிப்பு வேண்டும்.

மூன்று வருடத்தில் 5.6-க்கு வந்திருக்கிறோம். ஒப்பிடுவதற்காகக் கீழ்க்கோடியில் இரண்டடிப் பட்டை ஒன்றைத் தொடாமல் விட்டிருந்தோம். போன பருவம் இரண்டு பக்கத்துப் பட்டாணியையும் மண்ணோடு தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசினேன். சுண்ணாம்பு கண்ட பக்கத்தில் வேர்கள் தலைமயிர் போலப் பிரிந்து, கொத்துக் கொத்தாக முடிச்சு விட்டிருந்தன. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே மாதுளை முத்தின் சிவப்பு. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான பொருளின் நிறம் அது, முடிச்சு உழைக்கிறது என்பதற்குச் சான்று. பட்டையில் எடுத்த செடியின் முடிச்சுகள் உள்ளேயும் வெளிறியே இருந்தன. தோண்டிய குழியில் ஒரு மண்புழு மண்ணுக்குள் மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் அதைக் குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மறுவாரம் டோலமைட் என்ன விலை என்று கேட்டார்.

ஆனால் அதே குழியில் இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு சாண் ஆழம் வரை நேராக இறங்கிய வேர்கள், அதற்குக் கீழே சட்டென்று பக்கவாட்டில் மடங்கி ஓடியிருந்தன. அடிமண்ணைத் தனியாகச் சோதித்தபோது 4.8. சுண்ணாம்பு தானாகக் கீழே இறங்குவது மிக மிக மெதுவாக நடக்கும் வேலை. சரிவு நிலத்தில் ஆழமாகக் கிளறினால் மழையில் மண்ணே போய்விடும். இதற்கு உள்ள ஒரு வழி, நீரோடு கரைந்து இறங்கக்கூடிய கால்சியத்தைக் கொடுப்பது, அது பி.எச். அளவை ஏற்றாவிட்டாலும், அடிமண்ணில் அலுமினியத்தின் நஞ்சைத் தணித்து வேருக்கு வழிவிடும். அதைத் தரும் பொருள் ஜிப்சம்.

இந்த வருடம் ஒரே ஒரு பாத்தியில் அதைப் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். அப்பாவிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொடியா பார்த்து வாங்கு, மழைக்கு முன்னாடி போட்டுடு" என்றார்.